கேமிங் கணினிக்கு எஸ்எஸ்டி: முதன்முறை வாங்குபவர்களுக்கான வழிகாட்டி

கணினியில் விளையாடுவதற்காக முதன்முதலாக எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம், வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும், நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற வேக எண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 3500, 5000, 7400, 14000 என்று அந்த எண்கள் ஏற ஏற விலையும் கூடவே ஏறுகிறது; பெரிய எண் இருந்தால் விளையாட்டும் அந்த அளவுக்கு வேகமாக ஓடும் என்று நம்பிப் பணம் கொடுக்கிறோம். பல கணினிகளைத் திறந்து மூடிய அனுபவத்தில் நான் சொல்வது, அந்த எண் கடைசியாகப் பார்க்க வேண்டியது என்பதுதான். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை), அடுத்தது கொள்ளளவு, அதற்கும் அடுத்தது எஸ்எஸ்டிக்குள் இருக்கும் செல்லின் வகை. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எதையும் தரவில்லை. இரண்டு எஸ்எஸ்டிகளை ஒப்பிடும்போது விலையைக் கொள்ளளவால் வகுத்து, ஒரு ஜிபிக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி எதை மாற்றும், எதை மாற்றாது

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. அதன் மேல், இசைத்தட்டின் முள்ளைப் போல, ஒரு முள் தகவல் இருக்கும் இடத்தைத் தேடி நகர்கிறது. தட்டு ஒரு சுற்று சுற்றவே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு சிறு துண்டுத் தகவலை எடுப்பதற்குச் சராசரியாகப் பத்து மில்லிநொடிக்கும் மேல் செலவாகிறது. எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதே துண்டு ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்துவிடுகிறது. இன்றைய விளையாட்டு ஒன்று திறக்கும்போது சுவர், மரம், முகம், ஒலி என ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேடி எடுக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கில் ஏன் அவ்வளவு நேரம் காத்திருக்க நேர்கிறது என்பது விளங்கிவிடும்.

ஆனால் எஸ்எஸ்டி மாற்றியதால் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கு கூடிவிடாது. அது கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சேர்ந்து செய்யும் வேலை. எஸ்எஸ்டியால் கிடைப்பவை வேறு: விளையாட்டு திறக்கும் நேரமும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் நேரமும் குறையும், பரந்த திறந்த உலகத்தில் வண்டியை வேகமாக ஓட்டும்போது சாலையோரக் கட்டடங்கள் மங்கலாகத் தோன்றிப் பிறகு தெளிவதும், படம் ஒரு கணம் திக்கி நிற்பதும் பெருமளவு நின்றுவிடும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து விலையுயர்ந்த எஸ்எஸ்டியில் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே வேளையில் எஸ்எஸ்டி இல்லாமல் இனி சமாளிக்க முடியாது என்பதும் உண்மை. 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே எஸ்எஸ்டியுடன் வந்ததால், விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் அதை அடிப்படைத் தேவையாகவே எடுத்துக்கொண்டார்கள். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு தன் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டியைக் கேட்டது. 2020இல் வந்த சைபர்பங்க் 2077 தொடக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கிலும் ஓடும் என்று அறிவித்திருந்தது. 2023இல் அதன் குறைந்தபட்சத் தேவையும் எஸ்எஸ்டி என்று மாற்றப்பட்டது.

முதற்படி: மதர்போர்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைகளில் கிடைக்கும் எஸ்எஸ்டிகள் மூன்று வகை. முதலாவது, 2.5 அங்குல வகை என்று அழைக்கப்படும், தட்டையான பெட்டி போல இருப்பது. இது ஹார்ட் டிஸ்க்கைப் போலவே சாட்டா கேபிளில் இணைகிறது, நொடிக்கு 550 மெகாபைட் அளவில் நின்றுவிடுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் சூயிங்கம் பட்டையைப் போன்ற மெல்லிய பலகைகள், இரண்டுக்கும் எம்.2 என்றே பெயர். ஆனால் எம்.2 என்பது வடிவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயர் அல்ல. அதே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, பிசிஐஇ என்ற வேகமான பாதையில் இயங்கும் என்விஎம்இ வகையும் உண்டு. புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெட்டியில் என்விஎம்இ அல்லது பிசிஐஇ என்று போட்டிருந்தால் அது வேகமான வகை. பலகையின் தங்க நிற முனையில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா என்று அடையாளம் காணலாம்.

உங்கள் மதர்போர்டு எது என்று தெரியாவிட்டால், விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பேஸ்போர்டு என்ற வரிசையில் அதன் மாடல் பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிக் கையேட்டை இறக்கி, அதில் ஸ்டோரேஜ் என்ற பகுதியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, இருந்தால் அது பிசிஐஇயா சாட்டாவா அல்லது இரண்டுமா, பிசிஐஇ என்றால் எத்தனையாவது ஜென் (தலைமுறை), எத்தனை லேன் (தகவல் செல்லும் தடம்), அதில் ஒன்றைச் செருகினால் வேறு எது செயலிழக்கும் என்ற நான்கு கேள்விகளுக்கும் அங்கே விடை இருக்கும்.

நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. என் சித்தி மகனும் கேட்கவில்லை. அவனுடைய கணினியில் இருப்பது பி450 சிப்செட் கொண்ட மதர்போர்டு, ரைசன் 5 3600 பிராசஸர். 7000 என்று போட்ட ஜென்4 எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வந்து அவனே மாட்டிவிட்டான். கணினியை இயக்கியதும் எஸ்எஸ்டி தெரிந்தது. ஆனால் கல்லூரிக் கோப்புகளும் படங்களும் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தபோது அவன் குரலே மாறியிருந்தது. பழுது எங்கும் இல்லை. அந்த மதர்போர்டில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஆறு சாட்டா போர்ட்டுகளில் ஐந்தாவதும் ஆறாவதும் வேலை செய்யாது என்று கையேட்டில் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறது. அவனுடைய ஹார்ட் டிஸ்க் ஐந்தாவதில் இருந்தது. கேபிளைக் கழற்றி இரண்டாவது போர்ட்டில் செருகியதும் எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் அந்த ஸ்லாட் ஜென்3 என்பதால் 7000 என்ற எண் 3500க்குள் அடங்கிவிட்டது. ஜென்4 எஸ்எஸ்டி ஜென்3 ஸ்லாட்டில் எந்தக் கெடுதலும் இல்லாமல் இயங்கும், மெதுவாக இயங்கும் என்பது மட்டுமே வேறுபாடு. எனினும் அவன் வேகத்துக்காகக் கொடுத்த கூடுதல் பணம் கொள்ளளவுக்குப் போயிருக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் சில அமைப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். பழைய அலுவலகக் கணினியை வாங்கி அதில் கிராபிக்ஸ் கார்டு சேர்த்து விளையாடுபவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவற்றில் இன்டெல் நான்காம் தலைமுறைக்குரிய எச்81 போன்ற போர்டுகளில் பெரும்பாலும் எம்.2 ஸ்லாட்டே இருக்காது, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் அவற்றுக்குரியது. எச்81இன் நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டு மட்டுமே முழு வேகம் கொண்டவை, மற்ற இரண்டிலும் பாதி வேகமே கிடைக்கும் என்பதால், எதில் செருகுகிறோம் என்பதைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏஎம்டி பக்கம் ஏ520 போர்டுகள் ஜென்3 வரைதான். பி550 போர்டில் ஜென்4 உண்டு என்றாலும், பிராசஸர் ரைசன் 5 5600ஜி அல்லது 5500 ஆக இருந்தால் ஜென்3 வேகமே கிடைக்கும், ஏனெனில் அந்த ஸ்லாட்டின் லேன்கள் நேரடியாகப் பிராசஸரிலிருந்து வருகின்றன. இன்டெல் பத்தாம் தலைமுறைப் பிராசஸர்களும் ஜென்3 வரைதான். அவற்றை பி560 போர்டில் போட்டால் பிராசஸருக்கு மிக அருகில் உள்ள முதல் எம்.2 ஸ்லாட் பெரும்பாலான போர்டுகளில் வேலையே செய்யாது. பன்னிரண்டாம் தலைமுறைக்கு வந்த எச்610 போர்டுகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட் இன்னமும் ஜென்3 வேகத்தில்தான் இருக்கிறது.

நீளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். மேசைக் கணினிக்கு இதுவே வழக்கமானது. ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவிகள் 2230 என்ற குட்டை வடிவத்தைக் கேட்கும்.

இரண்டாம் படி: கொள்ளளவு

ஒரு டிபி (டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி) என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 500 ஜிபி வாங்கினால் கையில் வருவது 465 ஜிபி. அதில் விண்டோஸுக்கும் அதன் அப்டேட்டுகளுக்கும் ஒரு பங்கு போய்விடும். பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150 ஜிபி, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்பதும் 150 ஜிபி, ஸ்டார்ஃபீல்டு 125 ஜிபி. இந்த மூன்றையும் ஒன்றாக வைக்க 500 ஜிபியில் இடம் கிடைக்காது. ஆகவே விளையாட்டுக்கென்று புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு டிபிதான் தொடக்கம் என்று சொல்வேன். கைக்கு எட்டினால் 2 டிபி. வாலொரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற ஓரிரு போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுபவர்களுக்கு 500 ஜிபி போதும்.

எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்புவதும் நல்லதல்ல. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விட்டுவையுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது; ஆனால் விளையாட்டு அப்டேட்டுகளே ஒரு காரணம். இரண்டு ஜிபி மட்டுமே இறங்கும் ஒரு அப்டேட், உள்ளே இருக்கும் மாபெரும் கோப்பு ஒன்றில் சிறு மாற்றம் செய்வதற்காக அந்தக் கோப்பு முழுவதையும் புதிதாக எழுத நேரலாம்; அப்போது பழையதும் புதியதும் சற்று நேரம் ஒன்றாக இருக்க இடம் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் கணினி அமைத்துத் தரும்போது கேட்காமலேயே சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள். ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கம் அது. எஸ்எஸ்டியில் அப்படிப் பிரிப்பதால் வேகம் கூடுவதில்லை. சியில் இடம் தீர்ந்து டியில் 90 ஜிபி வீணாகக் கிடக்கும் நிலைதான் வருகிறது. ஒரே பார்ட்டிஷனாக விடச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: செல்லின் வகை

எஸ்எஸ்டிக்குள் தகவலைத் தாங்குவது செல் என்னும் மிக நுண்ணிய அறை. ஒரு செல்லில் மூன்று பிட்டுகளை வைத்தால் டிஎல்சி, நான்கு பிட்டுகளை வைத்தால் கியூஎல்சி. மூன்று பிட்டுகளுக்கு எட்டு வெவ்வேறு மின் அளவுகளைப் பிரித்தறிந்தால் போதும். நான்கு பிட்டுகளுக்குப் பதினாறு அளவுகள் வேண்டும். அதே சிறு அறையில் பதினாறு படிகளைத் துல்லியமாக எழுதுவதற்கு அதிக நேரம் ஆகும், செல்லும் விரைவில் தேயும். பதிலுக்கு அதே விலையில் கூடுதல் கொள்ளளவு கிடைக்கிறது.

இந்தத் தாமதம் உடனே வெளியில் தெரியாதபடி, காலியாக உள்ள செல்களின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரே பிட் வைக்கும் வேகமான கேஷாக எஸ்எஸ்டி பயன்படுத்திக்கொள்கிறது. முதலில் அங்கே வேகமாக எழுதி வைத்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது அசல் இடத்துக்கு மாற்றுகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எழுதும் வேகம் இந்தக் கேஷின் வேகம்தான். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்பக் கேஷுக்குக் கிடைக்கும் இடம் சுருங்குகிறது. முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிய ஒரு கியூஎல்சி எஸ்எஸ்டிக்கு, வேறொரு எஸ்எஸ்டியிலிருந்து 150 ஜிபி விளையாட்டு ஒன்றை மாற்றியபோது, விண்டோஸின் பச்சை நிற வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தேன். தொடக்கத்தில் நொடிக்கு ஒன்றரை ஜிபி என்று மேலே ஓடிய கோடு, சற்று நேரத்திலேயே மலை விளிம்பிலிருந்து விழுவதுபோலச் செங்குத்தாக இறங்கி 100 மெகாபைட்டுக்கு அருகில் தரையோடு தரையாக நின்றுவிட்டது. அது ஹார்ட் டிஸ்க்கின் வேகம்.

டிஎல்சியா கியூஎல்சியா என்பதைப் பெட்டியில் பலர் போடுவதில்லை. அப்போது, மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்று சொல்லும் எழுதும் ஆயுள் எண்ணைப் பாருங்கள்; டிபிடபிள்யூ என்ற பெயரில் வாரன்டிப் பகுதியில் அது இருக்கும். நல்ல எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். டபிள்யூடி பிளாக் எஸ்என்770, குருஷியல் பி3 பிளஸ் இரண்டும் ஜென்4 எஸ்எஸ்டிகள். ஒரு டிபி அளவில் முதலாவது நொடிக்கு 5150 மெகாபைட், இரண்டாவது 5000 மெகாபைட் படிக்கும் என்று அறிவிக்கப்பட்டவை. படிக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்று தோன்றும். ஆனால் முதலாவதன் எழுதும் ஆயுள் 600 டிபி, இரண்டாவதன் ஆயுள் 220 டிபி. முதலாவது டிஎல்சி, இரண்டாவது கியூஎல்சி என்பதே இதற்குக் காரணம். 220 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளில் பரப்பினால் அதுவே நாளொன்றுக்கு 120 ஜிபி எழுதும் கணக்கு, விளையாடுபவர் எவரும் அந்த அளவுக்கு எழுதப் போவதில்லை. அந்த எண்ணை நான் பார்க்கச் சொல்வது ஆயுளுக்காக அல்ல, உள்ளே இருப்பது என்ன என்று அது காட்டிக்கொடுப்பதற்காக. சில மலிவு மாடல்களில் உள்ளிருக்கும் சிப்புகள் தயாரிப்புக் காலத்தைப் பொறுத்து மாறுபடலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவற்றில் ஆயுள் எண்ணும் ஒரு குறிப்பு மட்டுமே, உறுதியான சான்று அல்ல.

விண்டோஸும் விளையாட்டுகளும் ஒரே எஸ்எஸ்டியில் இருக்கப் போகிறது என்றால் டிஎல்சி வாங்குங்கள். விண்டோஸ் ஏற்கெனவே நல்ல எஸ்எஸ்டி ஒன்றில் இருக்க, விளையாட்டுகளைக் குவித்து வைப்பதற்கு மட்டும் இரண்டாவதாகப் பெரிய எஸ்எஸ்டி ஒன்று தேடுகிறீர்கள் என்றால், விலையில் தெளிவான வேறுபாடு இருக்கும்பட்சத்தில் கியூஎல்சி தகுந்த தேர்வே. விளையாட்டு என்பது ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் பொருள், படிப்பதில் கியூஎல்சி அவ்வளவு பின்தங்குவதில்லை.

டிரேம் (எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் சிறு வேக நினைவகம்) உள்ள எஸ்எஸ்டியா, இல்லாததா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை எஸ்எஸ்டி தன் டிரேமில் வைத்துக்கொள்கிறது. டிரேம் இல்லாத என்விஎம்இ எஸ்எஸ்டிகள் அதற்குப் பதிலாகக் கணினியின் ரேமிலிருந்து சில பத்து மெகாபைட் இடத்தைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. விளையாட்டுக்கு அதுவே போதும், மேலே சொன்ன எஸ்என்770கூட அப்படிப்பட்டதுதான். ஆனால் சாட்டா எஸ்எஸ்டிகளுக்கு இந்தக் கடன் வசதி கிடையாது. ஆகவே பழைய கணினிக்கு சாட்டா வாங்குபவர்கள், விண்டோஸையும் அதிலேயே வைக்கப் போகிறார்கள் என்றால், டிரேம் உள்ளதைத் தேடி வாங்குவது நல்லது.

நான்காம் படி: இப்போது வேக எண்

பெட்டியில் இருக்கும் 7000 என்ற எண், ஒரே பெரிய கோப்பைத் தொடக்கத்திலிருந்து இறுதி வரை வரிசையாகப் படிக்கும் வேகம். விளையாட்டு திறக்கும்போது நடப்பது பெரும்பாலும் அது அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டுகளைப் படிப்பது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவசச் செயலியில் கடைசி வரிசை இதைத்தான் அளக்கிறது. நான்கு கிலோபைட் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னால் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஒரு மெகாபைட்டைக்கூடத் தொடாது. சாட்டா எஸ்எஸ்டி 30, 40 மெகாபைட் தரும். 7000 என்று போட்ட எஸ்எஸ்டி 60 முதல் 90 மெகாபைட் தரும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதற்கும், ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அது பெரும்பாலும் ஓரிரு நொடியாகச் சுருங்கிவிடுவதற்கும் இந்த வரிசையே விளக்கம். அதற்கும் மேலாக, படித்த தகவல் சுருக்கப்பட்ட நிலையில் இருக்கிறது; அதை விரிப்பது பிராசஸரின் வேலை. எஸ்எஸ்டி எவ்வளவு விரைவாகக் கொடுத்தாலும் பிராசஸர் விரித்து முடிக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தத் தடையை நீக்குவதற்காக மைக்ரோசாஃப்ட் 2022 மார்ச்சில் டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற தொழில்நுட்பத்தைக் கணினிக்கு வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 1.1 பதிப்பு, விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வழிசெய்தது. டைரக்ட்ஸ்டோரேஜை முதலில் பயன்படுத்திய கணினி விளையாட்டு, 2023 ஜனவரியில் வந்த ஃபோர்ஸ்போக்கன். நல்ல தொழில்நுட்பம்தான், என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் அதன் பயன் உங்களுக்கும் கிடைக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தும் விளையாட்டுகள் இன்னமும் குறைவு என்பதால், அதற்காகவே மிக உயர்ந்த வேகத்தை இன்று வாங்கி வைக்க வேண்டியதில்லை.

ஆகவே ஜென்3 ஸ்லாட் இருந்தால் ஜென்3, அல்லது விலை ஒன்றாக இருந்தால் பின்னாளில் புதுக் கணினிக்கும் எடுத்துச் செல்ல உதவும் ஜென்4. ஜென்4 ஸ்லாட் இருந்தால் 5000 அளவிலான நடுத்தர ஜென்4. ஜென்5 எஸ்எஸ்டிகள் பெரிய காணொளிக் கோப்புகளை நாள் முழுதும் கையாள்பவர்களுக்கு உதவும். விளையாட்டுக்கு மட்டும் என்றால் அந்த விலை வேறுபாட்டை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. இதில் ஒரு விதிவிலக்கு பிளேஸ்டேஷன் 5: அதற்குள் போடும் எஸ்எஸ்டி ஜென்4 ஆகவும், நொடிக்கு 5500 மெகாபைட் அல்லது அதற்கு மேல் படிப்பதாகவும், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) சேர்த்து 11.25 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது சோனியின் பரிந்துரை.

வெப்பம்

ஏசி இல்லாத அறையில், மே மாத மதியத்தில், கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே இருக்கும் எம்.2 ஸ்லாட் எவ்வளவு சூடாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடு ஒரு வரம்பைத் தாண்டினால் எஸ்எஸ்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதர்போர்டிலேயே ஹீட்சிங்க் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஹீட்சிங்க் ஒட்டிய எஸ்எஸ்டியைத் தனியாக வாங்க வேண்டாம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. மடிக்கணினிக்கு ஹீட்சிங்க் இல்லாததே வேண்டும்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், சீரியல் எண் குறித்த ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாரன்டி இந்தியாவில் செல்லுபடியாகுமா, மூன்று ஆண்டா ஐந்து ஆண்டா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். நம்ப முடியாத விலையில் 16 டிபி என்று விற்கப்படும் பெயர் தெரியாத கையடக்க எஸ்எஸ்டிகளுக்குள் பெரும்பாலும் ஒரு சிறு மெமரி கார்டுதான் இருக்கும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி அது மாற்றப்பட்டிருக்கும்.

வந்ததும் முதல் வேலையாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் பாருங்கள். ஓடிய மணிநேரமும் இதுவரை எழுதிய ஜிபியும் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் புதியது என்று நான் வாங்கிய எஸ்எஸ்டி, முத்திரை உடையாத பெட்டியில் வந்தும், ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகக் காட்டியது. அன்றே படம் எடுத்து அனுப்பியதால் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் வாதாட வழி இருந்திருக்காது.

பொருத்துதல்

கணினியை அணைத்து, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்புறச் சுவிட்சையும் அணைத்து, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டைப் படுக்க வைத்து அடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரியுங்கள், எம்.2 திருகாணி ஓர் அரிசியை விடச் சற்றே பெரியது, கீழே விழுந்தால் வெள்ளைத் துணியில் மட்டுமே கண்ணில் படும். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை வெளியேற்றிய பிறகு, பிராசஸருக்கு அருகில் உள்ள எம்.2 ஸ்லாட்டின் (மேலே சொன்னபடி பி560 போர்டில் பத்தாம் தலைமுறைப் பிராசஸர் என்றால் அடுத்த ஸ்லாட்டின்) ஹீட்சிங்க்கைக் கழற்றுங்கள்.

எஸ்எஸ்டியை ஓரங்களில் பிடித்து, முப்பது டிகிரி சாய்வில், வெட்டு பொருந்தும் பக்கமாக ஸ்லாட்டுக்குள் தள்ளுங்கள். தங்க நிற முனை ஏறத்தாழ மறையும் வரை போக வேண்டும். கையை எடுத்ததும் பலகை அண்ணாந்து நிற்கும். அது சரியான நிலைதான், பயப்பட வேண்டாம். 80 என்ற அடையாளத்தில் தாங்குகட்டை இருக்கிறதா என்று பார்த்து, பலகையை மெல்ல அழுத்திப் படியவைத்துத் திருகாணியை இறுக்குங்கள். திருகாணியும் தாங்குகட்டையும் மதர்போர்டு வாங்கிய பெட்டியில் சிறு உறைக்குள் இருக்கும். புதிய போர்டுகளில் திருகாணிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். ஹீட்சிங்க்கைத் திரும்ப மூடும் முன், அதன் அடியில் உள்ள மெத்தைப் பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். உரிக்காமலே மூடி, எஸ்எஸ்டி ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கேட்பவர்கள் ஏராளம்.

விண்டோஸும் விளையாட்டுகளும்

இரண்டாவது எஸ்எஸ்டியாகப் போட்டிருந்தால், விண்டோஸில் அது தானாகத் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஜிபிடி என்ற வகையைத் தேர்ந்து, ஒரே பார்ட்டிஷனாக ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸையே புதிய எஸ்எஸ்டியில் நிறுவுவதாக இருந்தால், நிறுவி முடியும் வரை மற்ற எல்லா டிஸ்க்குகளின் கேபிள்களையும் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கணினியைத் தொடக்கி வைக்கும் சிறு பார்ட்டிஷனை விண்டோஸ் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துவிடக்கூடும். பின்னொரு நாள் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்ததும் கணினி எழாது. பழைய விண்டோஸை அப்படியே நகலெடுப்பதும் முடியும், ஆனால் பல ஆண்டுக் குப்பையும் கூடவே வரும் என்பதால் புதிதாக நிறுவுவதையே விரும்புகிறேன்.

பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற வரியைப் பாருங்கள். தற்போதைய வேகமும் எஸ்எஸ்டியால் இயன்ற வேகமும் அடுத்தடுத்து இருக்கும். நான்கு லேன் என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அல்லது ஒன்று என்று காட்டினால், தவறான ஸ்லாட்டில் இருக்கிறது அல்லது சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

ஸ்டீமில் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் புதிய எஸ்எஸ்டியைச் சேர்த்துவிட்டால், விளையாட்டுகளைத் தேர்ந்து அங்கேயே இடம் மாற்றலாம். மீண்டும் தரவிறக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டாம். இப்போது ஆடிக்கொண்டிருப்பவற்றையும் திறந்த உலக விளையாட்டுகளையும் எஸ்எஸ்டியில் வையுங்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய சிறு விளையாட்டுகள் ஹார்ட் டிஸ்க்கிலேயே நன்றாக ஓடும்.

நீங்கள் ஆடிச் சேர்த்த நிலைகளைப் பதியும் சேவ் கோப்புகள் பெரும்பாலும் விளையாட்டின் ஃபோல்டரில் இருப்பதில்லை. டாக்குமென்ட்ஸிலும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரிலும் சிதறிக் கிடக்கும், எல்லா விளையாட்டும் அவற்றை இணையத்தில் சேமிப்பதும் இல்லை. எஸ்எஸ்டியில் அழிந்த கோப்பை மீட்பது ஹார்ட் டிஸ்க்கில் மீட்பதை விட மிகக் கடினம், ஏனெனில் அழித்த இடத்தை விண்டோஸ் உடனே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிட, அது அந்தச் செல்களைத் துடைத்துவிடுகிறது. ஆகவே அந்த இரண்டு ஃபோல்டர்களையும் முதலில் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விளையாட்டையும் ஒருமுறை திறந்து உங்கள் பழைய நிலை அப்படியே இருக்கிறதா என்று பார்த்து முடிக்கும் வரை, இரண்டு வாரம் ஆனாலும் சரி, பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் வைத்திருங்கள்.